ஓட்டையப் பாத்து வாங்குங்க: வாசகர் கேள்வி, அக்கா பதில்

போன இதழ்ல, வெளிநாடு போறவங்க முத்து மாலை வாங்கிட்டு வந்து பீரோவுல பூட்டி வச்சிட்டு கல்யாண வீட்டுக்கு கவரிங் போட்டுட்டு போறத பத்தியும், கன்னியாகுமரி கடைங்கள்ல 100 ரூவாய்க்கு விக்கிற முத்து மாலைய பத்தியும் ரெண்டே ரெண்டு வரி கிண்டலா எழுதுனேன். அவ்ளோதான், குமரி மாவட்டமே கடுதாசி போட்டிருச்சு. வாட்ஸப்புல போட்டோ அனுப்பி "இது அசலா"ன்னு கேட்டவங்க தனி. போட்டோவ பாத்து முத்து சொல்ற அளவுக்கு எனக்கு ஞானம் கெடையாது. எங்கம்மா கன்னியாகுமரி கடைங்களுக்கு சிப்பி மாலை, பாசி மாலை கோத்து குடுத்தவங்க, ராத்திரி மண்ணெண்ணெ வெளக்குல ஊசில நூல் மாட்டி குடுத்தது நான், அந்த அனுபவத்துலயும் ஒருதடவ நல்லா ஏமாந்த அனுபவத்துலயும் சொல்லுதேன், கேளுங்க.

கேள்வி: எக்கா, எங்க வீட்டுக்காரரு பஹ்ரைன்ல மீன்புடி லாஞ்சிக்கு போறாரு, மூணு வருஷம் கழிச்சு ஐப்பசில லீவுக்கு வாறாரு. அந்த ஊரு முத்துக்கு பேரு போனதுன்னு கேள்விப்பட்டு எனக்கு ஒரு மாலை வாங்கிட்டு வாங்கன்னு சொன்னேன். மனாமா பஜார்ல ஒரு கடைல கேட்டா வெலை நம்ம வள்ளத்துக்கு புது இஞ்சின் மாட்டலாம் போல இருக்காம், ரெண்டு கடை தள்ளி அதே மாதிரி மாலை 3 தினாராம். வீடியோ கால்ல ரெண்டையும் காட்டுனாரு, எனக்கு ஒண்ணு போலதான் தெரிஞ்சது. எத வாங்க சொல்லட்டும்? (வாசகி, குளச்சல்)

பதில்: ரெண்டையும் வேண்டாம்னு சொல்லு தங்கச்சி. காரணம் சொல்லுதேன், கொஞ்சம் நீளமா போகும், அடுப்புல ஏதாவது இருந்தா எறக்கி வச்சிட்டு வந்து படி.

பஹ்ரைன்ல ஒரு சட்டம் உண்டு, வளர்ப்பு முத்த அங்க யாவாரம் பண்ணக் கூடாது. கடல்ல தானா வெளஞ்ச முத்துதான் அங்க முத்து. வளர்ப்பு முத்துன்னா போலின்னு நெனச்சிராத, அதுவும் அசல்தான். சிப்பிய லேசா தொறந்து உள்ள ஒரு சின்ன மணியும் இன்னொரு சிப்பியோட சதைல ஒரு துணுக்கும் வச்சு திரும்ப தண்ணில தொங்க விட்டா, அது அந்த மணி மேல பூச்சு போட்டுட்டே இருக்கும், கண்ணுல தூசி விழுந்தா நமக்கு தண்ணி வாற மாதிரி. பூச்சு சிப்பியோடது, ஆரம்பிச்சு வச்சது மட்டும் மனுஷன். இத ஓரளவு செஞ்சு காட்டி பேரு வாங்குனது ஜப்பான்ல மிகிமோட்டோன்னு ஒருத்தர், 1893ல, அப்ப வந்தது அரை உருண்டைதான், முழு உருண்டைக்கு இன்னும் வருஷங்க ஆச்சு. அது சந்தைக்கு வந்து குமிஞ்சதும் வளைகுடால மூச்சடக்கி முத்து எடுத்துட்டு இருந்தவங்க பொழப்பு படுத்துருச்சு. 1932ல பஹ்ரைன்ல எண்ணெ கெடச்சது, இல்லன்னா அந்த ஊரு என்ன ஆயிருக்கும்னு தெரியாது. அந்த வயித்தெரிச்சல்தான் இன்னும் சட்டமா நிக்குதோன்னு எனக்கு ஒரு தோணல்.

அப்ப பெரிய வெலை ஏன்னு இப்ப புரியும். தானா வெளஞ்ச முத்து ஒண்ணு கெடைக்கதே பாடு, அதுல ஒரே அளவு ஒரே நெறம் பாத்து கழுத்து நெறைய ஒரு மாலைக்கு சேக்கணும்னா வருஷக் கணக்கு ஆகும். அந்த கடைக்காரன் இஞ்சின் வெலை சொன்னானே, அவன் உன்ன ஏமாத்தல, அது அந்த வெலைதான். 3 தினார் மாலை இருக்கே, ஒரு தினார் நம்ம ஊரு காசுக்கு 200 ரூவாய்க்கு மேல போவும், அது கண்ணாடி, இல்ல பிளாஸ்டிக். நடுவுல நமக்கு கட்டுபடியாகுற மாதிரி வளர்ப்பு முத்து மாலை ஒண்ணு வேற ஊர்ல கெடைக்கும், அங்க கெடைக்காது, சட்டம் அப்படி. யாராவது மெதுவா கிட்ட வந்து "சேச்சிக்கு நல்ல முத்து, டிஸ்கவுண்ட்ல தாறேன்"னு நடுவெலை சொன்னா அவன்கிட்டதான் ஜாக்கிரதையா இருக்கணும்.

ஆசை விடலன்னா மாலைய மறந்துட்டு ஒத்த முத்து கேளு. சின்னதா ஒண்ணு, மோதிரத்துலயோ டாலர்லயோ வச்சது. அங்க 2017ல இருந்து டானட்னு ஒரு முத்து பரிசோதனை நிலையம் இருக்கு, எக்ஸ்ரே எடுத்து உள்ள மணி வச்சதா தானா வெளஞ்சதான்னு சர்ட்டிபிகேட் குடுப்பாங்க. அந்த காயிதம் இல்லாம அண்ணன் காச எண்ணக் கூடாது. அதுவும் கூடுதலா தெரிஞ்சா ரெண்டு கிராம் தங்கம் வாங்கிட்டு வர சொல்லு, கோவமே வராது உனக்கு.

ஒண்ணு மட்டும், லீவு நாளு கெடச்சா அண்ணன அங்க முஹராக்குங்கிற ஊருக்கு ஒருதடவ போயிட்டு வர சொல்லு. முத்துக்குளிப்புக்காரங்க பாதைன்னு 2012ல யுனெஸ்கோ பட்டியல்ல சேத்த எடம், பழைய வீடுங்க, கடற்கரை எல்லாம் அதுல வருது. மூக்குல கிளிப்பு, கால்ல கல்லு கட்டிட்டு எறங்குவாங்களாம், நம்ம தூத்துக்குடி குளியாளுங்களும் கல்லு புடிச்சுதான் எறங்குனாங்க. கடல்ல கெடக்கிறவருக்கு அத பாத்தா டூரு மாதிரி தோணாது.

கேள்வி: ஆபீஸ் வேலையா பெய்ஜிங் போறேன். கூட வேலை பாக்குறவங்க டெம்பிள் ஆஃப் ஹெவன் பக்கத்துல ஹோங்சியாவோ மார்க்கெட்டுக்கு போ, முத்து சல்லிசுன்னு சொல்லுதாங்க. வீட்ல லிஸ்ட்டு போட்டு குடுத்துட்டா, மாமியாருக்கு வெள்ள, அவளுக்கு கருப்பு, நாத்தனாருக்கு ரோஸ். எனக்கு வடசேரி சந்தைல மீனுக்கே பேரம் பேச வராது. என்ன செய்ய? (வாசகர், மார்த்தாண்டம்)

பதில்: தம்பி, மீனுக்கு வராதவருக்கு முத்துக்கு வரும், ஏன்னா அங்க வாயால பேச வேண்டாம், கால்குலேட்டர் இருக்கு. அவ ஒரு நம்பர அடிச்சு உங்க முன்னாடி நீட்டுவா, நீங்க அத அழிச்சிட்டு உங்க நம்பர அடிக்கணும், அவ நெஞ்சுல கை வச்சு அழுவுற மாதிரி செய்வா, நீங்க ரெண்டடி நடக்கணும், பொறவு கைய புடிச்சு இழுப்பா. எங்க தெருல ஒரு டீச்சருக்கு 480 யுவான்ல ஆரம்பிச்சது 110ல முடிஞ்சது, ரூம்புக்கு வந்து பாத்தா கூட வந்தவங்க 80க்கு வாங்கி வச்சிருந்தாங்களாம், அதுலருந்து அந்த மாலைய அவங்க போடவே இல்ல. அதனால வாங்குன பொறவு யார்கிட்டயும் வெலை கேக்காதீங்க, இது என் அனுபவ வைத்தியம்.

சல்லிசா கெடைக்க காரணம் இருக்கு. அங்க அதிகமா விக்கது கடல் முத்து இல்ல, நன்னீர் முத்து, குளத்துல வளக்கிறது. செஜியாங் மாகாணத்துல சூஜின்னு ஒரு ஊரு இதுக்கு பேரு போனது. கடல் சிப்பில ஒண்ணு ரெண்டு முத்து வளத்தா பெரிய காரியம், அந்த நன்னீர் மட்டில ஒரே நேரத்துல டசன் கணக்குல வளக்கலாம். உள்ள மணி கூட வைக்காம வெறும் சதைத் துணுக்கு வச்சே வளத்தா முத்து முழுக்க பூச்சுதான். அப்ப வெலை எறங்காம என்ன செய்யும். கொறஞ்ச வெலைங்கிறதுக்காக போலின்னு நெனைக்காதீங்க, ஆனா அதையே அவ "ஸீ பேர்ள், ஜப்பான் பேர்ள்"னு சொன்னா சிரிச்சிட்டு நகந்துருங்க.

இப்ப லிஸ்ட்டுக்கு வாறேன். மாமியாருக்கு வெள்ள, பிரச்சனை இல்ல. நாத்தனாருக்கு ரோஸு, பீச்சு, லேசான ஊதா எல்லாம் நன்னீர் முத்துல தானாவே வாற நெறம், அதுவும் சரி, ரொம்ப அடிக்கிற கலர வேண்டாம்னு விடுங்க. வீட்டம்மாவுக்கு கேட்ட கருப்பு இருக்கே, அதுதான் வில்லங்கம். தானா கருப்பா வாறது பசிபிக் கடல்ல இருக்கிற தாஹிதி தீவு பக்கத்து கடல் சிப்பில, அதோட வெலையே வேற. சல்லிசு வெலைல கருப்பு நன்னீர் முத்துன்னா சாயம் போட்டது. ஓட்டைல பாருங்க, நூலு நொழையிற வாய்ல சாயம் திக்கா மை மாதிரி ஒட்டியிருக்கும். சாயம் போட்டதுன்னு தெரிஞ்சே வாங்குனா தப்பில்ல, நல்லாதான் இருக்கும், சாய முத்துக்கு சாய முத்து வெலை குடுங்க.

ஒரு வித்தை காட்டுவா, அத கவனிங்க. ஒரு முத்த எடுத்து பிளேடால சுரண்டுவா, வெள்ளையா பவுடர் விழும், முத்து தொடச்சா பழையபடி பளபளக்கும், இல்லன்னா ரெண்டு முத்த ஒண்ணோட ஒண்ணு தேச்சு காட்டுவா. அது உண்மையான டெஸ்ட்டுதான். ஆனா சுரண்டுன முத்து எந்த சரத்துலருந்து வந்ததுன்னு பாத்தீங்களா? அவ மேசை மேல உதிரியா கெடக்கிற முத்துல இருந்து எடுத்து சுரண்டி காட்டிட்டு, உங்க கைல தாறது உள்ள இருந்து எடுத்த சரமா இருந்தா அந்த வித்தைக்கு அர்த்தமே இல்ல. நீங்க புடிச்ச சரத்துல நீங்களே ஒரு முத்த தொட்டு காட்டி இத தேய்ன்னு சொல்லணும். முகம் மாறுனா வெலைய பேச வேண்டாம், எந்திரிச்சிருங்க.

கொக்கி மாட்டாத சரமா பாத்து எடுத்துட்டு அங்கயே கோக்க சொல்லுங்க, கண்ணு முன்னாடி கோத்து தருவாங்க. அந்த கைவேகத்த பாத்தா எங்கம்மா ஞாபகம் வந்திரும். முத்த ஏத்துவா, நூல விரல்ல சுத்தி ஒரு வளையம் போட்டு முடிச்ச ஊசி மொனையால முத்து வரைக்கும் தள்ளிட்டே போயி இறுக்குவா, திரும்ப அடுத்த முத்து. ஒவ்வொரு முத்துக்கும் நடுவுல ஒரு முடிச்சு வேணும்னு கண்டிப்பா சொல்லுங்க. முடிச்சு இருந்தா முத்தும் முத்தும் ஒரசாது, பஸ்ல நூலு அறுந்தாலும் ஒண்ணு ரெண்டோட போகும், இல்லன்னா சீட்டுக்கு அடில எல்லாரும் குனிஞ்சு தேட வேண்டியதுதான். கொக்கி வெள்ளியா முலாமான்னு அப்பவே கேட்டுருங்க, மாலைக்கு பேரம் முடிஞ்ச பொறவு கொக்கிக்கு தனி காசு கேப்பா.

இன்னொண்ணு, "ட்ரிப்பிள் ஏ கிரேடு மேடம்"னு ஒரு பாட்டு பாடுவாங்க. முத்துக்கு உலகம் பூரா ஒத்துக்கிட்ட அப்படி ஒரு கிரேடு கெடையாது, ஏ எத்தனைன்னு போடுறது விக்கிறவன் கைலதான் இருக்கு. பளபளப்பு பாருங்க, முத்துல உங்க மூஞ்சி ஓரளவுக்கு கூர்மையா தெரிஞ்சா நல்ல பூச்சு, மோர்ல விழுந்த நெழல் மாதிரி மங்கலா தெரிஞ்சா சுமாரு.

கேள்வி: முத்த கடிச்சு பாத்தா தெரியும்னு ஒருத்தர், லைட்டர்ல காட்டுனா தெரியும்னு ஒருத்தர், வினிகர்ல போட்டா தெரியும்னு யூடியூப்ல ஒருத்தர். எது சரி? (வாசகி, தக்கலை)

பதில்: வினிகர்ல போட்டா தெரியும், முத்து இல்லாம போயிரும், அப்ப அசல்னு தெரியும். முத்துங்கிறது பெரும்பாலும் நம்ம வெத்தலைக்கு போடுற சுண்ணாம்போட ஜாதிதான், புளிப்பு பட்டா கரைய ஆரம்பிச்சிரும்.

லைட்டருக்கு என் சொந்த கதைய சொல்லுதேன். தங்கச்சி குடும்பத்தோட பாலிக்கு டூரு போனப்ப பீச்சுல ஒரு ஆளு வந்தான், நெல்லிக்கா சைஸ்ல வெள்ள வெளேர்னு ஒரு சரம், "சவுத் ஸீ, மேடம், சவுத் ஸீ"ன்னான், அது பெரிய சைஸ் கடல் முத்துக்கு சொல்ற பேரு. லைட்டர எடுத்து ஒரு முத்துக்கு அடில புடிச்சான், கருகல, உருகல, தொடச்சதும் பழையபடி ஆயிருச்சு. பிளாஸ்டிக்கு இல்லன்னு நானே என் தங்கச்சிக்கு விளக்கம் சொன்னேன் பாருங்க, அந்த வெக்கம் இன்னும் இருக்கு. பிளாஸ்டிக்கு இல்லதான், கண்ணாடி. கண்ணாடி லைட்டருக்கு கருகுமா! மார்கழில சுசீந்திரம் தேருக்கு அரக்கு பட்டு பிளவுஸோட போட்டுட்டு போனேன், கூட்டத்துல வேர்வை, தேரு நெலைக்கு வாறதுக்குள்ள கழுத்துல வெள்ளையா பக்கு பக்கா உரிஞ்சு ஜாக்கெட் பூரா ஒட்டிருச்சு. மயினி பாத்துட்டு "என்னட்டி பொடுகா"ன்னு கேட்டாங்க. வீட்டுக்கு வந்து ஓட்டைய வெளக்குல புடிச்சு பாத்தேன், வாய் ஓரத்துல பெயின்ட்டு வெங்காயத் தோலு மாதிரி எழும்பி நின்னுச்சு, உள்ள பச்ச கண்ணாடி பளபளன்னு. இத பீச்சுல வச்சு பாத்திருந்தா காசு மிச்சம், கதைதான் கெடச்சிருக்காது.

கடிக்கிறதுன்னா கடிக்க கூடாது, முன்பல்லு ஓரத்துல லேசா தேய்க்கணும். அசல் பூச்சு நரநரன்னு பொடிமணல் மாதிரி இருக்கும், கண்ணாடி வழுக்கும். கடைல பத்து பேர் தேச்ச முத்த நாமளும் வாய்ல வைக்கணுமான்னு யோசிச்சுக்கங்க. தவிர அது பூச்சா பெயின்ட்டான்னுதான் சொல்லும், கடலா குளமா, தானா வெளஞ்சதா வளத்ததா எதையும் சொல்லாது.

நான் இப்ப பைல பத்து மடங்கு பெருசாக்குற சின்ன லென்சு ஒண்ணு வச்சிருக்கேன். அத வச்சு ஓட்டைய பாருங்க. மணி வச்சு வளத்த கடல் முத்தா இருந்தா ஓட்டைக்குள்ள பூச்சு ஒரு நெறம், மணி ஒரு நெறம், நடுவுல கோடு கிழிச்ச மாதிரி தெரியும். பூச்சு எம்புட்டு கனம்னு அதுலயே தெரிஞ்சிரும், காயித கனத்துல இருந்தா சீக்கிரம் தேஞ்சிரும். அந்த மணி பெரும்பாலும் அமெரிக்கா மிசிசிப்பி ஆத்து மட்டி ஓட்டுல உருட்டுனதாம், எங்க போயி எங்க வருது பாருங்க. அப்பறம் ஒரு சரம் பூரா அச்சுல வாத்த மாதிரி ஒரே உருண்டை, ஒரே வெள்ள, ஒரே சைஸு, வெலையும் சல்லிசுன்னா லென்சே வேண்டாம், நடங்க.

கேள்வி: கன்னியாகுமரில 30 வருஷமா கடை வச்சிருக்கேன். நீங்க எழுதுனத படிச்சிட்டு ஒருத்தர் எங்கிட்டயே வந்து "உங்க 100 ரூவா முத்து மாலை டூப்ளிகேட்டாமே"ன்னு கேக்காரு. எங்க வயித்துல அடிக்கலாமா? (கடைக்காரர், கன்னியாகுமரி)

பதில்: அண்ணாச்சி, உங்க கடைங்களுக்கு மாலை கோத்த காசுல ஸ்கூல் பீஸு கட்டுனவ நான், அடிப்பேனா? 100 ரூவாய்க்கு தாறது பாசின்னு உங்களுக்கும் தெரியும், வாங்குறவங்களுக்கும் தெரியும். வடக்க இருந்து வாறவங்க "அஸ்லி மோத்தி ஹை க்யா", அசல் முத்தான்னு கேக்கும்போது நம்ம ஆளுங்க சில பேரு தலைய ஒரு மாதிரி ஆட்டுவாங்களே, ஆமாவுக்கும் இல்லைக்கும் நடுவுல, அதத்தான் நான் வேண்டாம்ங்கேன்.

கொற்கை, தூத்துக்குடின்னு நம்ம பக்கம் முத்துக்கு இருந்த பேரு சும்மா வந்தது இல்ல, ஆனா மன்னார் வளைகுடால அரசாங்கம் நடத்துன முத்துக்குளிப்பு 1961ஓட முடிஞ்சு போச்சு. 1973ல தூத்துக்குடில மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்துக்காரங்க நம்ம சிப்பிலயே முத்து வளத்து காட்டுனாங்க, நம்ம சிப்பியும் ஜப்பான்காரன் அகோயா சிப்பியும் கிட்டத்து சொந்தம்தான். அது ஜப்பான் மாதிரி பெரிய தொழிலா வளராம போனதுல எனக்கு மனவருத்தம் உண்டு. அதனால இப்ப கடற்கரைல நின்னு "லோக்கல் முத்து, இப்ப கடல்லருந்து எடுத்தது"ன்னு யாரு சொன்னாலும் நம்பாதீங்க. உங்க கடை சங்கும் சோழியும் அருமை அண்ணாச்சி, நான் இன்னும் அங்கதான் வாங்குதேன்.

கேள்வி: அக்கா, கல்யாணம் முடிஞ்சு வியட்நாம் போறோம். ஃபூ குவோக் தீவுல முத்துப் பண்ணைல சிப்பிய கண்ணு முன்னாடி தொறந்து முத்து எடுத்து காட்டுவாங்களாம். அப்ப அது அசல்தானே? (வாசகர், நாகர்கோவில்)

பதில்: மக்ளே, வாழ்த்துக்கள். அங்க நெசமாவே பண்ணைங்க இருக்கு, போயி பாருங்க, மணி வைக்கிற ஊசி கத்தி எல்லாம் ஆஸ்பத்திரி சாமான் மாதிரி இருக்கும். ஆனா தொறந்து காட்டுன சிப்பி வேற, கண்ணாடி பொட்டில வச்சு விக்கிற சரம் வேற, சிப்பிய பாத்த சந்தோஷத்துல அடுத்த ரூம்புல கேள்வி கேக்காம காசு குடுத்திராதீங்க. எந்த சிப்பி, எந்த ஊர்ல வளந்தது, சாயம் உண்டான்னு மூணு கேள்விய கேட்டு பில்லுல எழுதி வாங்குங்க. வேற சுற்றுலா எடங்கள்ல காசு குடுத்து நீங்களே ஒரு சிப்பிய எடுத்து தொறக்கிற வெளாட்டு உண்டு, அதுல பல எடத்துல செத்த சிப்பிக்குள்ள முன்னாடியே முத்த சொருவி வச்சிருப்பாங்க. உள்ள இருக்கிறது சல்லிசு நன்னீர் முத்தா இருக்கும். வெளாட்டா நெனச்சு குடுத்தா சரி. புதுப் பொண்ணு முன்னாடி பேரம் பேசி கொஞ்சம் மானம் போனா பரவால்ல.

கேள்வி: மக சிங்கப்பூர்ல இருந்து வரும்போது முத்து செட்டு கொண்டு வந்தா. ஏர்போர்ட்ல கஸ்டம்ஸ் புடிப்பாங்களான்னு பயந்து பில்ல கிழிச்சு போட்டுட்டாளாம். அதோட, முத்துல சென்ட்டு பட்டா கெடுமா? (வாசகி, பூதப்பாண்டி)

பதில்: பில்லு இல்லன்னா அவங்க போடுற மதிப்புதான் மதிப்பு, நமக்கு வாதாட ஒண்ணும் இருக்காது. இனிமே கிழிக்க வேண்டாம்னு சொல்லுங்க. எவ்ளோ வரைக்கும் வரி இல்லங்கிற கணக்க டிக்கெட் போடும்போதே கஸ்டம்ஸ் வெப்சைட்ல பாத்துக்கட்டும், அது மாறிட்டே இருக்கும், ஒரு வருஷத்துக்கு மேல வெளிநாட்டுல இருந்தவங்களுக்கு நகை கணக்கு தனி.

சென்ட்டு, ஹேர் ஸ்ப்ரே, வேர்வை எல்லாம் ஆகாது. எல்லா அலங்காரமும் முடிச்சு பூ வச்சு கடைசியா முத்து, வீட்டுக்கு வந்ததும் மொதல்ல முத்து கழட்டணும். ஈரத்துணியால லேசா தொடச்சு துணிப் பைல வைங்க, தங்க செயினோட ஒரே டப்பால போடாதீங்க, முத்து மிருதுவான சாமான், கீறல் விழும். பீரோவுல வருஷக் கணக்கா பூட்டி வைக்கவும் வேண்டாம், காஞ்சு போகும். அடிக்கடி போட்டா ரெண்டு வருஷத்துக்கு ஒருதடவ நூல மாத்தி கோக்கணும்.

கேள்வி: அவசரத்துக்கு முத்து மாலைய அடகு வைக்க முடியுமா? (வாசகர், திங்கள்சந்தை)

பதில்: முடியாது அண்ணே. பேங்குல கொண்டு போனா முத்த கழிச்சிட்டு கொக்கில தங்கம் இருந்தா அத மட்டும் தராசுல வைப்பாங்க.